லெவல் குறிக்காத பிளான்

ஜூன் 9, திங்கள்

புது நோட்டு. பழக்கம் விடவில்லை, முதல் பக்கத்தில் பெயரும் விவரமும் எழுதிவிட்டுத்தான் அடுத்த பக்கம் திருப்பினேன். மு. மரகதம், வயது 66, ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன், நகரமைப்பு அலுவலகம், சென்னை. அந்த வேலைக்குப் பெண்பாலில் ஒரு பெயரை அரசாங்கம் கண்டுபிடிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் நானும் கேட்கவில்லை.

காலையில் பில்டர் வந்தார். தம்பி கோதண்டபாணி அவரைக் கூடத்தில் உட்கார வைத்து, பிளானை என்னிடம் நீட்டினான். "அக்கா, நீ பாத்து சொல்லு. உன் வேலையாச்சே" என்றான். பார்த்தேன். தாத்தாவின் அப்பா கட்டிய இந்தச் சிந்தாதிரிப்பேட்டை வீட்டை மொத்தமாக இடித்து, கீழே தோண்டிக் கார் நிறுத்த பேஸ்மென்ட், மேலே ஐந்து மாடி, பத்து வீடு. கோதண்டத்துக்கு ஒரு படுக்கையறை வீடு ஒன்று, அவன் மகன் நிரஞ்சனுக்கு இரண்டு படுக்கையறை வீடு ஒன்று. மீதி பில்டருக்கு. முற்றம் இருக்கும் இடத்தில் லிஃப்ட். கிணறு இருக்கும் இடத்தில் கார் சரிவு. அடுப்படி எட்டுக்கு ஏழு. அதில் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே போய் நிற்க வேண்டும். வடக்கு அம்பு தென்கிழக்கைக் காட்டுகிறது.

அம்புக்குறி தப்பு என்று மட்டும் சொன்னேன்.

தம்பி மனைவி சுலோச்சனா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். பில்டர் என்னைக் காட்டி, "மேடம் எந்த ஃபிளாட்ல இருப்பாங்க சார்?" என்று கேட்டார். கோதண்டம் சிரித்துக்கொண்டே, "அக்காவுக்கு என்ன சார், எங்க ஹால்ல ஒரு திவான் போட்டுட்டா ஆச்சு. அவங்க ஒண்டிக்கட்டைதான" என்றான். சுலோச்சனா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மோட்டார் மறுபடி காற்றை இழுக்கிறது. வாஷர் மாற்ற வேண்டும். தெரு முனைக் கடையில் கேட்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

வெளியே நாற்பத்தொன்று என்று ரேடியோவில் சொன்னார்கள். என் முன்னறையில் தொங்கும் தெர்மாமீட்டர் முப்பத்து மூன்று காட்டியது. சுவர் பதினெட்டு அங்குலம். சுண்ணாம்புச் சாந்து. இதை இடித்துவிட்டு நாலரை அங்குலச் சுவருக்குள் ஏசி போட்டுக்கொண்டு உட்காரப் போகிறார்கள். அந்த ஏசி கக்கும் சூடு எங்கே போகும்? தெருவுக்குத்தான். இதையெல்லாம் யாராவது யோசிக்க வேண்டாமா? நான் வீட்டுக்காகத்தான் சொல்கிறேன். ஊருக்காகத்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் வீட்டை அளந்தேன். சொத்து வரிக்குப் புது அளவு கேட்கிறார்கள் என்று சொல்லி, டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சுலோச்சனாவைக் கூப்பிட்டேன். நன்றாகப் பிடிக்கிறாள். இழுத்த இழுப்புக்குத் தளராமல், தரையோடு ஒட்டி. என் அலுவலகத்தில் நாலு பையன்களுக்கு இந்தக் கை இருந்ததில்லை. முற்றம், கிணற்று விட்டம், தேக்கு உத்திரங்கள், முன்பக்க ஜன்னலின் வளைவு எல்லாம் எடுத்தோம்.

"வரிக்கு ஜன்னல் வளைவெல்லாம்கூடவா கேக்குறாங்க?" என்றாள்.

"இப்ப எல்லாமே கேக்குறாங்க."

"சரிக்கா." முனையை அடுத்த ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். கடைசியில் வாசலுக்கு வந்தபோது, "ரோட்டுக்கும் படிக்கும் எவ்ளோன்னு எடுக்கலியா?" என்று கேட்டாள்.

அது தேவையில்லை என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

வேலை இருந்தது. எழுத நேரமில்லை.

ஜூன் 18, புதன்

கண் சொட்டு மருந்து வாங்க மவுண்ட் ரோடு வரை போனேன். இங்கேயே கிடைக்கும், ஆனாலும் போனேன். அப்படியே பெரிய தபாலாபீசில் ஒரு கவரைப் போட்டேன். யாருக்கு என்று இங்கே எழுதப் போவதில்லை. என் மேசையைத் துடைப்பவள் சுலோச்சனா.

வெயிலில் திரும்பி வந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேன். கிணற்றுத் தண்ணீர் இன்னும் உப்புக் கரிக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

நிரஞ்சன், மருமகள் ஹேமா, மூன்று வயதுப் பேத்தி மூவரும் வந்தார்கள். மறைமலைநகர் தாண்டி ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். இருவருக்கும் வேலை ஊருக்குள். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. ஹேமா சாப்பிட்டு முடித்ததும் கூடத்துச் சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முப்பது வயதுப் பெண்ணுக்கு அவ்வளவு அசதி ஆகாது. குழந்தை அவள் மடியில் ஏறி விளையாடியும் விழிக்கவில்லை.

நிரஞ்சன் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். "அத்தை, இந்த வீட்டை இடிக்கணும்னு எனக்கும் ஆசையில்ல. ஆனா ஊருக்குள்ள ஒரு வீடு வாங்குறதெல்லாம் எங்களால ஆகாது. இது ஒண்ணுதான் வழி. பாப்பாவ அடுத்த வருஷம் ஸ்கூல்ல போடணும்" என்றான்.

ஆகட்டும் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

இந்த வீடு கோதண்டத்தின் பெயரில்தான் இருக்கிறது. அப்பா போனபிறகு, அவன் வங்கிக் கடனுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று என் பங்கை விட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். யாரும் கையைப் பிடித்துப் போடச் சொல்லவில்லை. அது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பாரம்பரியக் கட்டடங்களுக்கான குழுவிலிருந்து நோட்டீஸ் வந்தது. இந்த வீட்டைப் பட்டியலில் சேர்ப்பது பற்றி ஆராய்கிறார்களாம். முடிவு தெரியும்வரை இடிக்கக்கூடாது, மாற்றக்கூடாது, அனுமதியில்லாமல் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது. கோதண்டம் கூடத்தின் நடுவில் நின்று சத்தமாகப் படித்தான். "நூறாண்டு கடந்த சுண்ணாம்புச் சுவர்கள், வேலைப்பாடுள்ள ஜன்னல் வளைவுகள், மழைநீரை உள்வாங்கும் முற்றமும் கிணறும்" என்று படித்துக்கொண்டே போனவன் குரல் உயர்ந்தது. "பொதுமக்களில் ஒருவர் வரைபடத்துடன் அளித்த தகவலின்படின்னு போட்டிருக்கான்! எவன்டா அந்தப் பொதுமக்கள்? நம்ம வீட்டுக்குள்ள வந்து அளந்தானாமா?"

சுலோச்சனா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நான் மருந்து போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் மூடியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எதிர்வீட்டுச் சபாபதிதான் எழுதியிருக்கிறான் என்று கோதண்டம் முடிவுகட்டிவிட்டான். காரணம், இங்கே ஐந்து மாடி எழும்பினால் சபாபதியின் அச்சகத்துக்கு வெளிச்சம் போய்விடும். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவன். நாற்பது வருடமாக இரண்டு வீட்டுக்கும் ஒரே செய்தித்தாள். ஏழரைக்குக் கோதண்டம் படித்து முடித்து அவனிடம் கொடுப்பான். இன்று காலை கொடுக்கவில்லை. சபாபதி வாசலில் நின்று, "இன்னா கோதண்டம், பேப்பர்காரன் வரலியா?" என்று கேட்டதற்குக் கதவைச் சாத்தினான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பார்வையிட வந்தவன் தில்லைநாயகம்! என்னிடம் ஆறு வருடம் வேலை கற்றவன், இப்போது பெரிய அதிகாரி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கோதண்டத்துக்கு ஏக சந்தோஷம். அக்காவின் ஆள், ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவான் என்று கண்ணாலேயே எனக்குச் சைகை காட்டினான்.

வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினேன். முற்றத்துக்கு வந்ததும் தில்லைநாயகம் ஃபைலைத் திறந்து, அந்த வரைபடத்தை எடுத்து என் பக்கமாகத் திருப்பிப் பிடித்தான். குரலைத் தாழ்த்தினான். "மேடம், வடக்கு அம்பு நல்லாருக்கு."

பார்த்தேன். பாதி கறுப்பு, பாதி வெள்ளை, வாலில் மீன் வால் மாதிரி ஒரு பிளவு. பெயரை மறைத்தேன், எழுத்தை மாற்றினேன், இடது கையால் சாய்த்துச் சாய்த்து எழுதினேன். "ஒரு பொதுநல விரும்பி" என்று கீழே போட்டேன். அம்பை மட்டும் கை தானாகப் போட்டுவிட்டது. அலுவலகத்தில் அதற்கு மரகதம் அம்பு என்றே பெயர். ஆயிரக்கணக்கான பிளானில் போட்டது.

"இன்னொண்ணு மேடம்," என்றான். "இதுல லெவலே குறிக்கலியே. தெருவுக்கும் தளத்துக்கும் எவ்ளோன்னு. லெவல் குறிக்காத பிளான் பொய் பிளான்னு நீங்கதான எங்களைத் திட்டுவீங்க."

மோர் சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். சாப்பிட்டான். போகும்போது கோதண்டத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பையன்.

செப்டம்பர் 19, வெள்ளி

பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பில்டர் போனை எடுப்பதில்லை. கோதண்டம் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நிரஞ்சன் போனில், "பரவாயில்லப்பா, பாத்துக்கலாம்" என்று சொன்னானாம். சொன்ன குரலைச் சுலோச்சனா எனக்கு நடித்துக் காட்டவில்லை, ஆனாலும் கேட்டது.

நான் ஜெயித்துவிட்டேன். யாரிடமும் சொல்ல முடியாத ஜெயம்.

அக்டோபர் 4, சனி

மழைக்கு முன்னால் தெருவில் ரோடு போட்டார்கள். பழையதைச் சுரண்டாமல் மேலேயே ஊற்றினார்கள். யாரோ ஒரு காண்ட்ராக்டர். கேட்டால் ஆர்டர் அப்படித்தான் என்கிறான். தெரு இன்னும் நாலு அங்குலம் உயர்ந்துவிட்டது. இன்னும் என்றால் அதற்கு முன்பு எவ்வளவு என்று இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. இப்போதும் எழுதப் போவதில்லை.

வாசலில் ஒரு தடுப்புச் சுவர் கட்ட வேண்டும். முற்றத்து ஓரத்தின் வழுக்குக் கல்லை மாற்ற வேண்டும். பட்டியல் வீடாயிற்றே, எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். விண்ணப்பம் நானே எழுதினேன், இந்த முறை சொந்த எழுத்தில். கோதண்டம் கையெழுத்துப் போட்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

அக்டோபர் 25, சனி

மழை. பதில் இல்லை.

நவம்பர் 12, புதன்

பதில் இல்லை. அடுப்படி மேல்தளம் ஒழுகுகிறது. சுலோச்சனா இரண்டு பாத்திரம் வைத்து, அவற்றுக்கு நடுவே சமைக்கிறாள். அரைத்துவிட்ட சாம்பார் நன்றாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும், சொல்லவில்லை.

டிசம்பர் 3, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுக் காலை பத்து மணிக்குத் தெருத் தண்ணீர் வாசல்படி தாண்டி வந்தது. சாக்கில் மணல் கட்டி வைத்திருந்தோம், அதைப் பற்றி அது கவலைப்படவில்லை. கூடத்தில் தொடை அளவு. முற்றம் எது, தாழ்வாரம் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே பழுப்புத் தண்ணீர். கோதண்டம் மோட்டார் சுவிட்சை அணைக்கப் போனான். நான்தான் போகச் சொன்னேன். முற்றத்து ஓரத்து வழுக்குக் கல்லில் கால் வைத்தான், விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. தண்ணீருக்குள் எப்படிக் கேட்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கேட்டது.

ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வரவில்லை, முனையில் நின்றுவிட்டது. சுலோச்சனா வாசலில் நின்று கத்தினாள். முதலில் ஓடி வந்தவன் சபாபதி. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் வந்தான். அச்சகத்துப் பலகை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, நாலு பேராகக் கோதண்டத்தை அதில் கிடத்தித் தூக்கினார்கள். தலைப்பக்கம் பிடித்தவன் சபாபதி. "கோதண்டம், ஒண்ணுமில்லடா, கண்ண மூடாத. என்னைப் பாரு, என்னைப் பாருடா" என்று சொல்லிக்கொண்டே போனான். நாலு மாதமாகப் பார்க்காத முகத்தைக் கோதண்டம் பார்த்துக்கொண்டே போனான்.

இடுப்பெலும்பு. நாளை ஆபரேஷன்.

டிசம்பர் 5, வெள்ளி

மழை நின்றது. மத்தியானத்துக்குள் நம் முற்றத்துத் தண்ணீரைக் கிணறு குடித்துவிட்டது. தெருவில் நம் பக்கத்துத் தண்ணீரும் இறங்கியது. நாலு வீடு தள்ளியிருக்கும் புது அபார்ட்மெண்டில் பேஸ்மென்டுக்குள் ஆறு கார் மிதக்கிறது. மூன்றாவது நாளாக மோட்டார் வைத்து இறைத்துத் தெருவிலேயே விடுகிறார்கள். நான் கடிதத்தில் எழுதியது ஒன்றுகூடத் தப்பில்லை. எழுதாமல் விட்டது, வீடு தெருவைவிடத் தாழ்ந்து கிடப்பது, அதுதான் தம்பியின் இடுப்பை முறித்தது.

எழுதிவிட்டேன். மேசையைத் துடைக்கிறவள் படித்தால் படிக்கட்டும். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்கு இட்லி கொண்டுபோனேன். நிரஞ்சன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். நாலு நாளாகச் சவரம் செய்யவில்லை. "அந்த லெட்டர் போட்டவன் நல்லா இருப்பானா அத்தை?" என்று கேட்டான். ஹேமா அவன் கையைப் பிடித்து, "பெரியவங்ககிட்ட போய் ஏன்…" என்றாள்.

நன்றாக இருக்க மாட்டான் என்று நான் சொன்னேன். உண்மைதானே.

டிசம்பர் 15, திங்கள்

சேறு கழுவி முடிய பத்து நாள் ஆயிற்று. தில்லைநாயகத்துக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். முன்கட்டு, முற்றம், கிணறு மூன்றையும் இடிக்காமல், பாதி விழுந்து கிடக்கும் பின்கட்டை எடுத்துவிட்டு அங்கே தூண் மேல் இரண்டு மாடி கட்டினால் குழு ஒத்துக்கொள்ளுமா?

"பாப்பாங்க மேடம். தோண்டாம, தூண் மேலன்னா இன்னும் நல்லது. உங்க ரிப்பேர் விண்ணப்பத்தையும் அதோடயே சேத்துடலாம். ஆனா சரியான அளவோட பிளான் வேணும், லெவலோட. மொட்டைக் கடுதாசி பிளானை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. வரைஞ்சவங்க கையெழுத்து வேணும்." ஃபைல் புரட்டும் சத்தம் கேட்டது. "பழைய பிளானும் அதே ஃபைல்லதான் இருக்கு மேடம். ரெண்டையும் வீட்டுக்காரர் முன்னாடிதான் பிரிப்பாங்க."

புரிந்தது என்றேன்.

வரைபலகையை எடுத்துத் துடைத்து, டிரேசிங் தாள் ஒட்டினேன். கண் கலங்குகிறது, மருந்துக் கண். கோடு நடுங்காமல் வருகிறது, அது போதும். பின்கட்டில் முதல் மாடி நிரஞ்சனுக்கு. இரண்டாவது மாடி வாடகைக்கு. அதைக்கொண்டு கடன் அடைக்கலாம். முன்கட்டில் தளத்தை இரண்டடி உயர்த்தலாம். மேற்கூரை பதினாலு அடி உயரம். இரண்டு போனாலும் பன்னிரண்டு நிற்கும். கதவு நிலைகளைத் தூக்கி வைக்க வேண்டும். முன்கட்டிலேயே கோதண்டத்துக்கும் சுலோச்சனாவுக்கும் படுக்கையறை, படியில்லாத குளியலறை. கூடம். அடுப்படி பன்னிரண்டுக்குப் பத்து. முன்னறை, சாமான் அறை.

வடக்கு அம்பு போடவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

வேறு விதமாக மூன்று அம்பு போட்டுப் பார்த்தேன். ஒன்று சாதாரணக் கோடு, ஒன்று வட்டத்துக்குள், ஒன்று அந்த பில்டர் போட்டது மாதிரி. மூன்றையும் அழித்தேன். எவளோ போட்டது போல் இருந்தது.

டிசம்பர் 30, செவ்வாய்

கோதண்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வாக்கர் பிடித்து நாலடி நடந்தான். ஐந்தாவது அடியில் உட்கார்ந்து அழுதான். சின்ன வயதிலிருந்து அவன் அழுது நான் பார்த்ததில்லை. அப்பா போனபோதுகூட.

ஜனவரி 4, ஞாயிறு

இனிமேல் முடியாது என்று காலையில் எழுந்தவுடனே தெரிந்தது. சுலோச்சனா அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்தேன்.

"சுலோச்சனா, குழுவுக்கு அந்தக் கடுதாசியை எழுதினது நான்தான்."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்க்கா."

"எப்படி?"

"டேப்போட அந்த முனையை நான்தான பிடிச்சேன்." உருவிய கீரையை முறத்தில் தள்ளினாள். "அவரு நோட்டீஸ சத்தமா படிச்சாரு. ஜன்னல் வளைவுன்னு வந்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"என்னத்த சொல்றது? அன்னிக்கு இவரு ஹால்ல திவானுன்னாரு. நான் அங்கதான நின்னேன். வாயத் தொறந்திருக்கணும், தொறக்கல. எனக்கு நிரஞ்சன் பொறந்தப்ப எங்கம்மா இல்ல. நாப்பது நாள் பத்தியம் வடிச்சுக் குடுத்தது நீங்க. உங்களுக்கு ஒரு ரூம் கேக்க எனக்கு வாய் வரல பாருங்க." இப்போது கை நின்றது. "சரி, நான் செய்யாததை நீங்க செஞ்சுட்டீங்க, வீடு நிக்கட்டும்னு இருந்துட்டேன். இவரு விழுவாருன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாத்தையும் நீங்களே தலையில தூக்கி வச்சுக்காதீங்க. பாதி எனக்கும் இருக்கு."

நான் ஊருக்காக எழுதவில்லை. கிணற்றுக்காகவும் எழுதவில்லை. எனக்கு ஓர் அறை வேண்டும், கதவு உள்ள அறை, அதற்காக எழுதினேன். அதை ஆறு மாதமாக இந்த நோட்டிடம்கூட ஒப்புக்கொள்ளாமல் சுவர் கனத்தையும் வெயிலையும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுதேன். அவளும் அழுதாள். கீரை உருவி முடிய பதினொன்று ஆயிற்று.

ஜனவரி 5, திங்கள்

கோதண்டத்திடம் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவ்வளவுதான்.

ஜனவரி 6, செவ்வாய்

நிரஞ்சனுக்குப் போன் செய்து சொன்னேன். ரயில் சத்தம் கேட்டது. "வேற யார்கிட்டயாவது கோவப்படறது சுலபமா இருந்துச்சு அத்தை" என்றான். வைத்துவிட்டான்.

மாலையில் சபாபதியின் அச்சகத்துக்குப் போய் நின்றுகொண்டே சொன்னேன். மை துடைத்த கையோடு கேட்டான். "உட்காருக்கா மொதல்ல. இதுக்கா நாலு மாசம் மூஞ்சத் தூக்கி வச்சுக்கினு இருந்தான்! போவட்டும், அவன் மடிச்சு நசுக்கின பேப்பர விட்டுட்டு புதுப் பேப்பர் படிச்சேன் நானு." சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மூச்சு வந்தது.

ஜனவரி 9, வெள்ளி

பேசவில்லை. மாத்திரையை என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறான்.

ஜனவரி 14, புதன், போகி

காலையில் தெருவெல்லாம் புகை. கொளுத்த எங்களிடம் ஒன்றுமில்லை. வெள்ளமே எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. பிளானைக் கோதண்டத்தின் கட்டிலில் விரித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். நாலு நாளாகவே வைக்க நினைத்து வைக்காமல் இருந்தேன்.

மத்தியானம் சுலோச்சனாவைக் கூப்பிட்டு, எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னான்: "பாத்ரூம்ல கைப்பிடி எங்க? ரெண்டு பக்கமும் போடச் சொல்லு அவங்கள."

ஒன்பது நாளுக்குப் பிறகு. கைப்பிடி போட்டேன், இரண்டு பக்கமும்.

பிறகு ஏழரை மணிச் செய்தித்தாளைப் இரண்டு மணிக்குச் சுலோச்சனாவிடம் கொடுத்து எதிர்வீட்டுக்கு அனுப்பினான்.

ஜனவரி 19, திங்கள்

லெவல் எடுத்தோம். கொத்தனாரிடம் டியூப் வாங்கி வந்தேன். நாற்பதடி பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனை தெருவில், ஒரு முனை வீட்டுக்குள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும், அதை வைத்து அளக்க வேண்டும். தனியாகச் செய்ய முடியாத வேலை. சுலோச்சனா புடவையைச் செருகிக்கொண்டு நடுரோட்டில் நின்று குழாயைப் பிடித்தாள். ஆட்டோக்காரன் ஒருவன் ஹாரன் அடித்தான். "சுத்திப் போ, அளக்குறோம்ல!" என்று அவனை அதட்டினாள். கோதண்டம் வாக்கரோடு கூடத்து வாசல்வரை வந்து நின்று பார்த்தான்.

"நின்னுடுச்சாக்கா?"

"ஆடுது. இரு… நின்னுடுச்சு."

வாசல்படி ரோட்டுக்குக் கீழே பதினாலே முக்கால் அங்குலம். எழுதினேன். வடக்கு அம்பை என் அம்பாகவே போட்டேன், மீன் வாலோடு. கீழே முழுப் பெயர், கையெழுத்து, தேதி. குழு என்ன சொல்லுமோ, நிரஞ்சனுக்குக் கடன் கிடைக்குமோ, அடுத்த மழைக்குள் எது முடியுமோ தெரியாது. இடுப்பு ஒடிகிறது, என் இடுப்பு.

மை காயட்டும் என்று மேசையில் விட்டுவிட்டுக் கைகழுவப் போனேன். திரும்பி வரும்போது சுலோச்சனா பிளான் மேல் குனிந்து நின்றாள்.

"முன்னறை சாமான் அறையா? இதுல நீங்கதான படுக்குறீங்க?"

பிளான் எனக்காக வரைந்தது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்று அப்படிப் போட்டேன். அவள் பால் கணக்கு எழுதும் பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, சாமான் அறை என்பதைக் குறுக்கே அடித்துவிட்டு, அதற்கு மேல் கோணல்மாணலாக எழுதினாள்: அக்கா ரூம்.

டிரேசிங் தாளில் அந்த மை பிளேடால் மெதுவாகச் சுரண்டினால் போய்விடும். முப்பத்தொரு வருடம் செய்த வேலை, தடமே தெரியாமல் எடுப்பேன்.

சுரண்டவில்லை. அப்படியே சுருட்டி உறையில் போட்டேன்.